லாபம் என்று எண்ணப்பட்ட பறவை

மனுஷரும் பறவையும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், வேப்பங்கரை ஊரில் குளம் கிடையாது. தண்ணீருக்குக் காலையில் போனால் உச்சிப்பொழுதுக்குத்தான் திரும்ப முடியும். ஒரு கோடையில், மஞ்சள் காலும் சிவந்த மூக்கும் உள்ள ஒரு பறவை ஊருக்குக் கிழக்கே ஈரம் இருப்பதைக் கண்டு, தானே கொத்தத் தொடங்கியது. அது எடுத்த மண் ஒரு சிரட்டை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். பதினான்கு வீட்டார், எட்டு விலங்குகள், இந்தப் பறவை. ஆக இருபத்து மூன்று. இருபத்து நான்கு என்று சொல்வாரும் உண்டு. அது தப்பு.

குளம் நிறைந்த அன்று, தோண்டியவர்களை எண்ணி வைக்க மூக்காண்டியைக் கூப்பிட்டார்கள். அவர் களத்தில் நெல் அளக்கிறவர். களத்தில் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அதற்கு அப்புறம்தான் ரெண்டு, மூணு. அவர் வாய் அப்படியே பழகியிருந்தது. பறவையைப் பார்த்து, “லாபம்” என்றார். அடுத்து, “ரெண்டு, ஆமை. மூணு, சடையன் வீடு” என்று இருபத்து மூன்று வரை சொன்னார். தன் பேரைச் சொல்லாததைப் பறவை குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்கே லாபம் என்று சொல்லிவிட்டார் என்று அதற்குச் சந்தோஷம்.

பிறகு குளத்தார் சபை என்று ஒன்று வைத்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் தை முதல் வெள்ளிக்கிழமை காலையில் கரையில் கூடி, குளம் வெட்டிய கதையைச் சொல்லி, அந்த இருபத்து மூன்றையும் வரிசையாகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் முன்னால் வந்து பொங்கல் வாங்கிக்கொள்வார். ‘லாபம்’ என்னும்போது மூக்காண்டி கரைமேல் நின்ற மருதமரத்தை அண்ணாந்து பார்ப்பார். பறவை இறங்கி வரும்.

மூக்காண்டி இறந்தார். அதற்குப் பின் பதினோரு வருஷம் மழை சரியில்லை, சபை கூடவில்லை. முன்பு சபைக்கு வந்தவர்கள் தோண்டியவர்கள் மட்டும்தான்; அவர்களில் ஆமையும் பறவையும் மட்டுமே மிஞ்சினார்கள், மற்றவர்கள் முறைக்கு அவரவர் பிள்ளைகள் வந்தார்கள். மறுபடி குளம் நிறைந்தபோது, மூக்காண்டியின் பேத்தி இருளாயி சபைக்குத் தலைவி ஆனாள். வரிசையை வீட்டில் தாத்தா சொல்லக் காதால் கேட்டுப் படித்தவள். பறவை இறங்கி வந்ததைப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பறவை தன் நான்கு குஞ்சுகளையும் கூட்டிவந்திருந்தது. “நல்லாக் கேளுங்க. மொதல்ல நம்மளத்தான் கூப்பிடுவாங்க” என்று சொல்லி வைத்திருந்தது.

இருளாயி, “லாபம்” என்று சொல்லிக் குளத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். உடனே, “ரெண்டு, ஆமை” என்றாள்.

பறவை முன்னால் வந்தது. “ஏ தாயி, என்னைய விட்டுட்டியே.”

“நீ எத்தனாவது?”

“மொதல்.”

“மொதல் லாபம்லா? அது சாமிக்கு உள்ளது.”

“லாபம்னா நான்தான் தாயி. உங்க தாத்தா என்னையத்தான் சொன்னாரு.”

கூட்டத்தில் நின்ற ஒரு கிடா சிரித்தது. “லாபத்துக்கு றெக்க மொளச்சிட்டுடோய்! அடுத்த வருஷம் நட்டமும் பறந்து வரும். பொங்கலக் கூடக் கிண்டுங்க!”

கரையே சிரித்தது. பறவை ஆமையைப் பார்த்தது.

“அண்ணே, நீங்க சொல்லுங்க. நான் கொத்துனதப் பாத்திய இல்லா?”

ஆமைக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு முதல் பொங்கல் அதன் முன்னால் இருந்தது. முதல் பேரும் அதனுடையதாகிவிட்டது. “வயசாயிட்டு. ஒண்ணும் ஞாபகமில்ல” என்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

இருளாயிக்கு இரக்கமாக இருந்தது. “சரி, வருத்தப்படாத. கடைசில இருபத்து நாலாவதாச் சேத்துக்கிடுதேன்.”

“இருபத்து மூணு பேருதான் தாயி தோண்டுனோம்” என்றது பறவை.

“எப்பம்மா கூப்பிடுவாங்க?” என்று ஒரு குஞ்சு கேட்டது. பறவை நான்கையும் நடத்திக்கொண்டு கரையை விட்டு இறங்கி, பொட்டல்காட்டுக்குப் போனது.

மூன்றாம் நாள் வரை ஆமைக்குப் பொங்கல் செரிக்கவில்லை. இருளாயி வீட்டுக்கு ஊர்ந்து வந்து உள்ளதைச் சொன்னது. அவள் போட்டது போட்டபடி, ஆமையையும் தூக்கிக்கொண்டு பொட்டலுக்கு ஓடினாள். கூப்பிட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“ஆமைத் தாத்தா, அவ பேரு என்ன?”

ஆமை யோசித்து யோசித்துப் பார்த்தது. இந்தத் தடவை நிஜமாகவே தெரியவில்லை. லாபம், லாபம் என்றே சொல்லிப் பழகி, அந்தப் பேரை ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

“ஏ... ஏ...” என்று மட்டும் கூவிக்கொண்டு இருளாயி கிட்டே போனாள். பறவை எழும்பி, அவள் தலைக்கு மேலே வட்டமிட்டு, ஆள் வந்திருப்பது பொட்டல் முழுக்கக் கேட்கும்படி கத்தியது. அந்தக் கத்தலில் மனுஷப் பேச்சு ஒரு வார்த்தைகூட இல்லை.

இன்றைக்கும் சபையில் ‘லாபம்’ சொன்னதும், ஒரு பேர் சொல்லும் நேரத்துக்கு எல்லாரும் வாய்மூடி நிற்கிறோம். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தத் தை மாசத்திலிருந்துதான் அந்தப் பறவை எந்த மரத்திலும் உட்காருவதில்லை. வெறுந்தரையில் முட்டையிட்டு, அந்தப் பக்கம் யார் வந்தாலும், ஒருவரைக்கூட விட்டுவிடாமல், வந்தார் வந்தார் என்று கூவிச் சொல்கிறது. நாம் அதை ஆள்காட்டி என்கிறோம்.