எந்தத் தெரியலை?

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சிஷ்யன் என்றால் மீசை அரும்பியிருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டுவிடவில்லை. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து நாலு. பெயர் மெஹருன்னிஸா, ஊர் காயல்பட்டினம். சிஷ்யருக்கு ஐம்பத்து மூன்று. பெயர் ஞானதுரை, ஊர் தூத்துக்குடி. இருபத்தெட்டு வருஷம் கப்பலில் அதிகாரியாக இருந்துவிட்டு, முழங்கால் மக்கர் பண்ணவே கரைக்கு வந்தவர்.

சென்னையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி அறை அவர்களுடையது. தென்துருவக் கடலில் பனி எங்கே உறைந்து கிடக்கிறது, எங்கே விலகிக் கப்பலுக்கு வழி விட்டிருக்கிறது என்று செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைப் பார்த்து வரைபடம் போடுவதுதான் தொழில். பனிக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். செயற்கைக்கோள் ஒரு சுற்றுக்கு ஒரு பட்டை கடலைத்தான் பார்க்கும். பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்தாலும் நடுவே கொஞ்சம் தரை விட்டுப்போகும் அல்லவா, அப்படிப் பார்க்காத இடமும் விட்டுப்போகும். அங்கே வர்ணம் பூசக் கூடாது, சாய்கோடு மட்டும் போட வேண்டும். அறையில் அதற்கு 'மூளி' என்று பெயர்.

ஞானதுரைக்கு மூளியைக் கண்டாலே ஆகாது. அரைகுறை வேலை, கப்பல்காரன் நம்மை என்ன நினைப்பான் என்பார். மெஹருன்னிஸா கடல் பனியை நேரில் பார்த்ததில்லை என்பதிலும் அவருக்கு ஒரு கேலி உண்டு. சர்பத் கடை ஐஸைத் தவிர மேடம் வேறெந்த ஐஸைக் கண்டார் என்று எல்லோருக்கும் கேட்கவே சொல்வார். மெஹருன்னிஸாவும் சிரித்துக்கொள்வார்.

தை மாதத்தில் ஒரு நாள் ஞானதுரை கேட்டேவிட்டார்.

"ஏழு மாசம் ஆச்சு மேடம். என் பேர்ல கையெழுத்துப் போட்டு நான் எப்ப படம் அனுப்பலாம்?"

"இன்னைக்கே அனுப்புங்க அண்ணாச்சி."

சொல்லிவிட்டு மெஹருன்னிஸா மத்தியான லுஹர் தொழப் போய்விட்டார்.

அன்று தென்துருவக் கடலில் ஒரு கப்பல் காத்து நின்றது. ஆராய்ச்சி நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பல், உள்ளே நாற்பத்தாறு பேர். கேப்டன் மிராண்டா ஒரு காலத்தில் ஞானதுரையோடு ஒரே கேபினில் படுத்து எழுந்தவர். பின்னாலிருந்து புயல் வந்துகொண்டிருந்தது. விரிகுடாவுக்குள் நுழைந்துவிட்டால் பிழைத்தார்கள். நுழைகிற வாசல்தான் படத்தில் மூளியாகக் கிடந்தது.

இந்தப் பக்கமும் நீலம், அந்தப் பக்கமும் நீலம். நடுவில் மட்டும் பனி எங்கிருந்து குதிக்கும்? காற்று வீசுகிற திசையைப் பார்த்தாலும் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். அனுபவம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? ஞானதுரை மூளியை நீலத்தால் நிரப்பினார். கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் கப்பலிலிருந்து மிராண்டாவின் போன் வந்தது.

"ஏ ஞானம், வாசல்ல ஐஸ் கிடக்காடே?"

"ஐஸ் தெரியலைடே. தைரியமா போ."

தொழுகை முடிந்து வந்த மெஹருன்னிஸா படத்தைப் பார்த்தார். வாசலில் நீலம் எப்படி வந்தது என்று கேட்டார். ஞானதுரை காற்றையும் நீரோட்டத்தையும் இருபத்தெட்டு வருஷத்தையும் எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கேப்டன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஐஸ் தெரியலைன்னு சொன்னேன்."

"எந்தத் தெரியலை?"

மெஹருன்னிஸா மூடியிருந்த கதவைக் காட்டினார்.

"வெளியில யாராவது நிக்காங்களா அண்ணாச்சி?"

"தெரியலையே மேடம்."

"சரி, யாரும் இல்லைன்னு எழுதிக்கிடுதேன்."

ஞானதுரைக்குச் சுருக்கென்றது. நன்றாகப் பார்த்துவிட்டு, கண்ணில் எதுவும் படவில்லை என்பவனும் 'தெரியலை' என்கிறான். பார்க்கவே பார்க்காதவனும் அதையேதான் சொல்கிறான். அவர் ஒன்றைச் சொன்னார், மிராண்டா மற்றதைக் கேட்டுக்கொண்டு கப்பலை வாசல் பக்கம் திருப்பிவிட்டார். திருப்பி இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

மேடமே பேசிவிட்டால் நல்லது என்று ஞானதுரை மெல்ல இழுத்தார். பழைய சிநேகிதனிடம் போய் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அவருக்கு அவமானமாக இருந்தது.

"சொன்ன வாய்தான் சொல்லணும்" என்றார் மெஹருன்னிஸா.

ஞானதுரை போனை எடுத்தார்.

"மிராண்டா, நான் சொன்னது வேற தெரியலைடே. அந்த இடத்தை சாட்டிலைட் பார்க்கவே இல்லை. ஐஸ் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் மிராண்டா வெடித்தார்.

"கடல்ல பழம் தின்னு கொட்டை போட்டவன் பேசுத பேச்சாடே இது?"

அதற்கு மேல் மிராண்டா சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. ஆனால் கப்பலை நிறுத்திவிட்டார். தெரியாது என்று காதில் விழுந்த பிறகு நாற்பத்தாறு பேரை உள்ளே கொண்டுபோய்ச் சொருகுகிற கேப்டன் எவனும் இல்லை.

செயற்கைக்கோள் அந்த வாசலுக்கு மேலே மறுபடி வருவது சாயங்காலம் ஏழு மணிக்கு. அதற்குள் புயலின் வால் கப்பலைப் பிடித்துக்கொண்டது. பாதிப் பேர் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார்கள். அடுப்படியில் கொதிக்கிற சாம்பார் சரிந்து சமையல்காரருக்குக் கை வெந்துபோனது. ஒவ்வொரு செய்தியையும் மிராண்டா ஞானதுரையைக் கூப்பிட்டே சொன்னார். ஞானதுரை கொண்டுவந்த எலுமிச்சைச் சாதம் பிரிக்காமலே இருந்தது. மெஹருன்னிஸாவும் அன்று சாப்பிடவில்லை.

ஏழே காலுக்குப் படம் வந்தது. வாசல் முழுக்கத் தண்ணீர். கடுகளவு பனி இல்லை.

மெஹருன்னிஸா தானே போனை எடுத்து, வாசலைப் பார்த்தாகிவிட்டது, ஐஸ் இல்லை, போகலாம் என்று மிராண்டாவிடம் சொன்னார். புதிய படத்தை அச்செடுத்து மேஜையில் வைத்தார். ஞானதுரைக்குச் சந்தோஷமும் கோபமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. மத்தியானம் தான் போட்ட படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"பார்த்தீங்களா மேடம்? நான் போட்ட அதே நீலம். ஆறு மணி நேரம் அலையில கிடந்து உருண்டு, ஒரு மனுஷன் கை வெந்ததுதான் மிச்சம்."

"அந்தக் கைக்கு நான்தான் பொறுப்பு" என்றார் மெஹருன்னிஸா. சொல்லும்போது அவர் முகம் வாடித்தான் இருந்தது.

ஞானதுரை விடுவதாக இல்லை. இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

"ரெண்டும் ஒரே படம் மேடம். என்ன வித்தியாசம் இருக்கு, சொல்லுங்க."

மெஹருன்னிஸா இரண்டையும் வாங்கி மறுபடி தனித்தனியாக வைத்து, புதிய படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இதுல கடல் இருக்கு அண்ணாச்சி. அதுல நீங்கதான் இருக்கீங்க."