பிடுங்கிய கேபிள்

“மேடம், மெஷினுக்குள்ள எவனோ புகுந்துட்டான். மொத்தமாத் துடைச்சுட்டு முதல்லேர்ந்து போட்டுடவா?”

கேட்டவர் தணிகாசலம். ஒரு டயாலிசிஸ் மையத்தின் லினக்ஸ் சர்வர் அவர் பொறுப்பு. அவருக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த அமலி, வயதில் அவரைவிடச் சிறியவர்.

காலையில் நோயாளிகளின் பதிவுகள் கெட்டுப்போயிருந்தன. யாருக்கு எவ்வளவு நீர் எடுப்பது, யாருக்கு எந்த மருந்து ஆகாது, எல்லாம் அதில்தான். பேக்கப் நகல் அதே சர்வரில் இருந்தது. அதைத் திறக்கும் புரோகிராம்தான் இல்லை.

“அந்தப் புரோகிராமைத் தேடினீங்களா?” என்றார் அமலி.

“தேடிட்டேன். அந்தப் புரோகிராமோட பேக்கேஜே இல்லைங்குது. போன வாரம்தான் என் லேப்டாப்ல போட்டேன், மேடம். ஊர் உலகத்துல இருக்கிறது இங்க மட்டும் எப்படி இல்லாமப் போகும்?”

வெளியே மனிதர்கள் காத்திருந்தார்கள்.

“துடைச்சா பேக்கப்பும் போயிடுமே, சார்.”

“அதுலயும் அவன் கை வெச்சிருந்தா?”

பயம் வந்துவிட்டால் இருப்பதும் இல்லாததும் ஒன்றாகத்தான் தெரியும்.

அமலி எழுந்து போய் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினார்.

“ஐயோ, மேடம்!”

“இப்பத் தேடுங்க. நல்லாத் தெரிஞ்ச பேக்கேஜ் எதையாவது.”

“நெட்டே இல்லாம எங்க போய்த் தேடும்?”

“தேடுங்க.”

விரல்கள் தப்பும் தவறுமாகத் தட்டின. திரையில் பேக்கேஜின் பெயரும் விளக்கமும் வழக்கம்போல வந்து நின்றன.

தணிகாசலம் கேபிளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

“அப்ப இது வெளியவே போறதில்லையா?”

“தன்கிட்ட இருக்கிற பட்டியலைத்தான் புரட்டும். பட்டியலுக்கு அப்புறம் வந்த பேக்கேஜ் எதுவும் அதுக்குத் தெரியாது. அந்தப் பட்டியலைக் கடைசியா எப்பப் புதுப்பிச்சீங்க?”



“ஒரு தடவை அப்டேட் பண்ணப்போய் மெஷினே படுத்துடுச்சு. அன்னிக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல கேக்குது. அதுக்கப்புறம் பட்டியலைக்கூடப் புதுப்பிக்காம நிறுத்தி வெச்சுட்டேன்.”

“அப்ப நீங்க சொன்ன அந்த ‘எவனோ’ யாரு?”

“நான்தான்.”

வெளியே ஒரு நர்ஸ் கதவைத் தட்டி, “சார், ஆரம்பிக்கலாமா?” என்றாள்.

தணிகாசலம் அமலி பக்கம் திரும்பினார்.

“இப்பப் புதுப்பிச்சா படுக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மேடம். பயம் போயிடும்.”

“பயம் இருக்கட்டும்,” என்று கேபிளை அவர் கையில் வைத்தார் அமலி. “செருகுங்க.”