நிறுத்தக் கூடாத நிரல்

குருவிடம் கேள்வி கேட்க வருகிற சீடன் கைகட்டி வாய்பொத்தி நிற்பான் என்றுதான் கதைகளில் சொல்வார்கள். சோலையப்பன் செல்பேசியை மேசைமேல் ஓங்கி வைத்துவிட்டுத்தான் கேட்டான்.

"டீச்சர், மனுசன் ஒரு நாள் லீவு போடணும்னா என்னதான் செய்யணும்?"

இன்பவல்லி கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். மதுரையில் ஒரு பார்சல் சர்வீஸின் கம்ப்யூட்டர் அறையில் இருவருக்கும் வேலை. வயதில் அவள் இளையவள். ஆனால் எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறியாக இருக்கும் லிஸ்ப் என்ற கணினி மொழியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். முதலில் கிண்டலுக்குத்தான் அவளை டீச்சர் என்றான். நாளடைவில் கிண்டல் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

"லீவு லெட்டர் குடுக்கணும்ணே."

"குடுத்தேனே! ரெண்டு தடவையும் இந்தக் கம்ப்யூட்டர் சனியன் மக்கர் பண்ணி, பஸ் ஸ்டாண்டுல இருந்து என்னைத் திரும்பக் கூட்டிட்டு வந்துருச்சு."

அவன் தங்கை மகனுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவது, அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் சோலையப்பன். குறித்த தேதி இரண்டு முறையும் தள்ளிப்போனதில், துரத்திப் பிடித்தால்தான் காது கிடைக்கும் என்கிற வயதுக்குப் பிள்ளை வந்துவிட்டான். நாளை மறுநாள் மறுபடியும் தேதி. இந்தத் தடவையும் வராவிட்டால் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு வாசல் பக்கம் வர வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

குறுக்கே நின்றது ஒரு கம்ப்யூட்டர் நிரல். எந்த மூட்டை எந்த லாரியில் ஏற வேண்டும் என்று சொல்கிற நிரல். எழுதியவன் சோலையப்பனேதான்.

லிஸ்ப்பில் ஒரு வசதி உண்டு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதோடு பேசலாம். ஃபங்ஷன் என்று சொல்லப்படும் பகுதிகளில் தவறானதை மட்டும் புதிதாகத் தட்டினால், பழையது விலகிப் புதியது உட்கார்ந்துகொள்ளும். நிறுத்தவே வேண்டாம். சுமையே இல்லாத லாரி வந்தபோது நிரல் திகைத்துத் திணறியது. சோலையப்பன் ஓடிவந்து ஏதோ தட்டினான், சரியாயிற்று. ஒரே மூட்டையை இரண்டு லாரிக்கு எழுதியது. மறுபடி ஓடிவந்தான். பொங்கலிலிருந்து இதே பிழைப்பு. "சோலை அண்ணன் கை பட்டாத்தான் இது நகரும்" என்று லோடிங் சூப்பர்வைசர் ஜெயக்கொடி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டால் சோலையப்பனுக்கு எரிச்சல் வரும். கொஞ்சம் இனிக்கவும் செய்யும்.

"பதில் சொல்லுங்க டீச்சர்."

"இதை நிறுத்தினா என்னாகும்ணே?"

"நிறுத்தக் கூடாது."

"ஏன்?"

"பொங்கலுக்கு அப்புறம் நிறுத்தினதே இல்ல."

இன்பவல்லி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். காலை லாரிகள் கிளம்பிவிட்டன. இனி சாயங்காலம்தான் லோடு. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அவனுடைய கீபோர்டை இழுத்து ஒரு வரி தட்டினாள்.

நிரல் நின்றது.

"அய்யய்யோ, என்ன டீச்சர் பண்ணீங்க?"

"இப்ப எழுப்புங்க."

எழுப்பினான். முதல் மூட்டையிலேயே, இந்தப் பெயரில் எனக்கு எந்த ஃபங்ஷனும் தெரியாது என்றது கணினி.

"தெரியாதா? காலையில வரைக்கும் தெரிஞ்சுதே!"

"அதுக்கு யாருண்ணே சொன்னது?"

"நான்தான். ஓடுறப்பவே தட்டினேன்."

"ஃபைல்ல?"

சோலையப்பன் ஃபைலைத் திறந்து தேடினான், அதில் இல்லை. ஓடுகிற நிரலிடம் சொன்னது அதன் நினைவில் மட்டும் இருக்கும், நிறுத்தினால் அதோடு போய்விடும், ஃபைலில் எழுதியதுதான் மிஞ்சும். அவள் முதல் வாரமே நடத்திய பாடம். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு முறையும் அவன்தான் விட்டான்.

"தெரிஞ்சேதான் நிறுத்தினீங்களா?"

"ஆமா."

"வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதையாப் போச்சு! நான் கேட்டது லீவு. சாயங்காலம் வரிசையா லாரி வந்து நிக்குமே, யார் பதில் சொல்றது?"

"எழுதுங்கண்ணே."

வேறு வழியில்லாமல் எழுதினான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். நடுவில் தங்கை கூப்பிட்டாள்.

"டிக்கெட் போட்டியாண்ணே?"

"அப்புறம் பேசுறேன்டா."

"உனக்கு எப்பவும் அப்புறம்தான்," என்று வைத்துவிட்டாள்.

ஒருவழியாக நிரல் எழுந்தது. சோலையப்பன் நாற்காலியில் சாய்ந்தான். இன்பவல்லி கையை நீட்டி மறுபடி நிறுத்தினாள்.

"டீச்சர்!"

"எழுப்புங்க."

இந்தத் தடவை வேறொரு ஃபங்ஷனைத் தெரியாது என்றது. அதை எப்படி எழுதினோம் என்று அவனுக்கே ஞாபகம் வரவில்லை. மாசியிலோ பங்குனியிலோ, சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்து தட்டியது. எடை கூடினால் மூட்டையைப் பிரிப்பதா, அடுத்த லாரிக்குத் தள்ளுவதா? உட்கார்ந்து முதலிலிருந்து யோசித்தான். சாப்பாடு ஆறிப்போனது.

"உங்களுக்கு ஓடுற பாம்பை மிதிக்கிற வயசு," என்று முணுமுணுத்தான். "எனக்குக் குடும்பம் குட்டி இருக்கு."

அவள் மிட்டாய்ப் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தொடவில்லை.

நிரல் எழுந்தது. அவள் கை மறுபடி நீண்டது.

"வேணாம்! நானே நிறுத்தித் தொலைக்கிறேன்!"

நிறுத்தினான். எழுப்பினான். எழுந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை நிறுத்தினான். பழைய சுமை அத்தனையும் போட்டுப் பார்த்தான். ஒரு முனகல் இல்லாமல் லாரி லாரியாகப் பிரித்துக் காட்டியது. வெட்கத்தை விட்டு ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

இன்பவல்லி வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "ஜெயக்கொடிண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

ஜெயக்கொடி துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். அவள் நிரலை நிறுத்தினாள். ஒரு வரியைத் துண்டுத்தாளில் எழுதித் திரையோரம் ஒட்டினாள்.

"இதை அப்படியே தட்டுங்க."

"எனக்கா? இதுல சீட்டாடத்தான் தெரியும் தாயி."

"தட்டுங்க."

ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினார். நிரல் எழுந்து லாரிகளை வரிசைப்படுத்தியது.

"இம்புட்டுதானா?" என்றார் ஜெயக்கொடி. "இதுக்கா சோலை அண்ணனைப் பஸ்ஸுல இருந்து இறக்கிக் கூட்டிட்டு வந்தோம்?" சிரித்துக்கொண்டே லோடைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்கால லாரிகள் வந்தன. மூட்டைகள் ஏறின. யாரும் சோலையப்பனைக் கூப்பிடவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவனுக்கு என்னவோ சுருக்கென்று இருந்தது.

"நான் ஊருல இருக்கிறப்ப நின்னுருச்சுன்னா?"

"ஜெயக்கொடி அண்ணன் எழுப்புவாரு."

"புதுசா ஏதாவது தப்பு வந்தா?"

"ஃபைல்ல எல்லாம் இருக்கே. படிச்சுப் பார்த்து நான் சரி பண்ணிருவேன்."

"புரியலேன்னா தயங்காம ஒரு போன் அடிங்க டீச்சர். கோயில்ல இருந்தாலும் எடுத்துருவேன்."

"அடிக்க மாட்டேன்ணே."

அவன் செல்பேசியை எடுத்தான், திருப்பிப் பார்த்தான், மறுபடி வைத்தான். நாள் முழுக்க ஏறிய கோபம் மொத்தமும் ஒரே கேள்வியாக வந்தது.

"அப்ப நான் எதுக்கு?"

இன்பவல்லி மிட்டாய்ப் பொட்டலத்தை மடித்தாள்.

"காது குத்துக்குண்ணே."