பதினெட்டாவது கிணறு

கிட்ட வந்து உட்காருங்கள். இது ரோட்டோரம் நடந்த கதை. தள்ளி உட்கார்ந்தால் பஸ் சத்தத்தில் பாதிதான் காதில் விழும்.

சென்னையில் ஒரு விசா ஆபீஸ். போன், பை, சோற்று டப்பா எதையும் உள்ளே விட மாட்டார்கள். காகிதம் மட்டும் போகலாம். அதனால் எதிரே ஒரு தகரக் கடை முளைத்திருந்தது. பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிற கடை.

கடைக்காரி பர்வீன். இருபத்து மூன்று வயது, பத்தாவது வரைக்கும் படிப்பு.

கேட்டைத் தாண்டி வெளியே வருகிறவர் முகத்தை அவள் பார்க்க மாட்டாள். கையைப் பார்ப்பாள். கையில் பாஸ்போர்ட் இருந்தால் விசா கிடைக்கவில்லை. கை வெறுமையாக இருந்தால், முத்திரை குத்த உள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

அவளிடம் ஒரு வாத்தியார் வந்தார். பேர் அம்பலவாணன். வேதாரண்யம் பக்கம் அரசுப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக அறிவியல் எடுக்கிறவர். நாற்பத்து மூன்று வயதில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று விசா கேட்டுக்கொண்டிருந்தார். இது மூன்றாவது தடவை.

முதல் இரண்டு தடவையும் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். பர்வீன் ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக் கொடுத்தாள்.

இந்தத் தடவையும் இல்லையென்றால் சீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று காலேஜிலிருந்து எழுதிவிட்டார்கள்.

"எத்தனை மணிக்கு சார்?"

"பதினொண்ணு."

"இன்னும் முக்கால் மணி இருக்கு. உட்காருங்க."

வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஏம்மா, தினம் இத்தனை பேரைப் பார்க்கிறே. படிச்சிட்டு ஊருக்குத் திரும்பி வருவேன்னு உள்ள இருக்கிற ஆபீசருங்களை எப்படிம்மா நம்ப வைக்கிறது?"

பர்வீன் அவர் மடியிலிருந்த ஃபைலைக் காட்டி, அதில் என்ன என்றாள்.

வாத்தியார் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வீட்டுப் பத்திர நகல். தென்னந்தோப்புப் பட்டா நகல். பேங்க் கடிதம். பெண்டாட்டி பிள்ளைகளோடு குலதெய்வம் கோயிலில் எடுத்த போட்டோ. போன தடவை ஃபைல் இதில் பாதிதான் இருந்ததாம்.

"கேட்டா என்ன சொல்வீங்க?"

தி.நகரில் ஒரு கோச்சிங்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்து இங்கிலீஷில் ஆரம்பித்தார். நாலு வார்த்தை வருவதற்குள், மீதி வரியைப் பர்வீன் ஒப்பித்து முடித்துவிட்டாள்.

வாத்தியார் வாய் திறந்தபடியே இருந்தது.

"இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து எல்லாரும் அதைத்தான் சார் மனப்பாடம் பண்றாங்க. என்னையே உள்ள விட்டா எனக்கு விசா குடுத்துருவாங்க."

வாத்தியாருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பையை நீட்டினார்.

பையை வாங்கினால் திறந்து பார்ப்பது அவள் வழக்கம். ஒரு தடவை யாரோ வைத்துப்போன சாம்பார் வழிந்து ஒன்பது பை நாசமாகிவிட்டது. அன்றிலிருந்து இப்படி.

போன். எலுமிச்சஞ்சாதம். அடியில் ஒரு பழுப்பு அட்டை நோட்டு, தண்ணீர் பட்டு உப்பியிருந்தது.

"இது என்ன சார்?"

"அது ஊர்க் கிணறு. நாப்பத்திரண்டு இருக்கு."

எங்கள் பக்கம் பூமிக்கு அடியில் கடல் உள்ளே வருகிறது என்றார். குடிக்கிற கிணறெல்லாம் ஒவ்வொன்றாக உப்பாகிறது. சனி, ஞாயிறு சைக்கிளில் போய்த் தண்ணீர் மொண்டு உப்பு அளந்து எழுதுகிறார். எந்த வழியாக வருகிறது, எங்கே மறிக்கலாம் என்று கண்டுபிடிக்கிற படிப்புதான் அந்தக் காலேஜில் இருக்கிறது.

பர்வீன் புரட்டினாள். பக்கத்துக்கு ஒரு கிணறு. பதினேழு பக்கம் நிறைய எண்கள். பதினெட்டாவது பக்கத்தில் ராக்கம்மாள் என்று பேர் மட்டும்.

"இந்தம்மாவுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் எழுதலை?"

"அங்கதாம்மா விஷயமே இருக்கு. பதினேழு வரைக்கும் உப்பு நேரா வந்து, அப்புறம் மேற்கே திரும்புற மாதிரி தெரியுது. ராக்கம்மா கிணறு உப்புன்னா அடுத்தது ஊர்க்குளம் போச்சு. நல்ல தண்ணின்னா உப்பு அங்கேயே நிக்குது. வாளியை எடுக்கிற நேரத்துல இண்டர்வியூ தேதின்னு போன் வந்துச்சு. கிளம்பி வந்துட்டேன்."

சொல்லும்போது அவர் கை காற்றில் கோடு போட்டு மேற்கே திரும்பியது.

பர்வீன் நோட்டைப் பைக்குள் வைத்தாள். "எப்படி நம்ப வைக்கிறதுன்னு கேட்டீங்களே, இங்க பாருங்க" என்று தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினாள்.

நல்ல தோல் பை ஒன்று. கைக்கடிகாரம். பட்டுச் சால்வை. மூங்கில் பிடி போட்ட குடை.

"யாரோடது?"

"வெச்சுட்டுப் போனவங்களோடது. திரும்பி வரலை."

"இவ்வளவு விலை உசந்ததையா?"

"ஆமா சார்."

"அப்ப எதுக்குத்தான் திரும்பி வருவாங்க?"

பர்வீன் வாயைத் திறக்கும் முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மூச்சு வாங்க ஒரு அம்மா இறங்கினார். கோத்தகிரிக்காரர். மகள் பிரசவத்துக்குப் போக விசா கேட்டு வந்தவர். காலையில் எட்டு மணிக்கே கை வெறுமையாக வெளியே வந்து, சந்தோஷத்தில் ஓட்டமாகப் போனவர்.

"நல்லவேளை கண்ணு, கடை திறந்திருக்கு. சென்ட்ரல் வரைக்கும் போயிட்டேன்."

பர்வீன் ஒரு மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

நகையா அம்மா என்று வாத்தியார் கேட்டார்.

அந்த அம்மா பையை விரித்துக் காட்டினார். குழந்தைக்குப் பின்னுகிற கம்பளிக் குல்லா. காது வரைக்கும்தான் வந்திருந்தது. ஊசி இரண்டும் அதிலேயே குத்தி நின்றது.

"பாதியில நிக்குதுங்க" என்றார். அவ்வளவுதான். ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

மூங்கில் பிடிக் குடையும் அவருடையதுதான் என்றாள் பர்வீன்.

"அம்மா, குடை" என்று வாத்தியார் எழுந்தார். அதற்குள் ஆட்டோ சிக்னலைத் தாண்டிவிட்டது.

வாத்தியார் ரோட்டைப் பார்த்தார். பலகையில் இருந்த குடையைப் பார்த்தார். தன் பையைப் பார்த்தார்.

மணி பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

ஃபைலிலிருந்து பாஸ்போர்ட்டையும் காலேஜ் கடிதத்தையும் மட்டும் உருவினார். மீதியைப் பர்வீன் கையில் கொடுத்தார்.

"இதையும் வெச்சுக்கம்மா."

"உள்ள காகிதம் கொண்டுபோகலாம் சார்."

"தெரியும்."

டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தார். கோச்சிங்காரர் சொன்னபடி நெஞ்சை நிமிர்த்திப் போகவில்லை. சைக்கிளை மிதித்துக் கிணற்றடிக்குப் போகிறவர் நடை அது.

பன்னிரண்டரைக்குக் கேட் திறந்தது.

பர்வீன் கையைப் பார்த்தாள். இரண்டு கையும் வெறுமையாக வீசிக்கொண்டு வந்தது.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். என்ன கேட்டார்கள் என்றாள்.

"அதே கேள்விதான். இந்த வயசுல போறீங்க, திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்புறதுன்னு அந்த ஆபீசரம்மா கேட்டாங்க."

"நீங்க?"

"நாப்பத்திரண்டு கிணறு, பதினேழு முடிஞ்சுதுன்னேன். உப்பு எங்க திரும்புதுன்னு கவுண்ட்டர் கண்ணாடியில விரலாலயே வரைஞ்சு காட்டிட்டேன். பின்னாடி நின்னவன் சிரிச்சான். பதினெட்டாவது உப்பா, நல்ல தண்ணியான்னு அந்தம்மா கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"இன்னும் தெரியலைன்னேன்."

"அதுக்கு?"

"பாஸ்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க."

பர்வீன் பையையும் ஃபைலையும் எடுத்து முன்னால் வைத்தாள். வாத்தியார் முதலில் நோட்டைத்தான் துழாவி எடுத்தார். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தார்.

"ராக்கம்மாக்கா, நாளைக்குக் காலையில வர்றேன். நான் வந்து தண்ணி மொள்ளுற வரைக்கும் மோட்டார் போட்டுராதீங்க."

பேசிக்கொண்டே பையைத் தோளில் மாட்டினார். பேசிக்கொண்டே பர்வீனைப் பார்த்துத் தலையசைத்தார். பேசிக்கொண்டே ரோட்டில் இறங்கி நடந்தார்.

ஃபைல் கடை மேசை மேலேயே கிடந்தது.

பர்வீன் எட்டிப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் வாத்தியார் நோட்டை முழங்கை மேல் விரித்து நின்றபடி எழுதிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

அவள் கூப்பிடவில்லை.

ஃபைலில் நம்பர் எழுதிக் கட்டி, குடைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள்.