மொட்டை மாடியில் ஒரு அடுப்படி

“சாமி, ஒரு அடுப்படிக்கு எது இல்லாமல் முடியாது?”

பேச்சிமுத்து டெய்லர் இப்படிக் கேட்டபோது சாமியம்மா பாறை நிழலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“யாருக்குப் பசிக்குது?”

“எனக்குத்தான்.”

“அப்போ பசி இல்லாமல் முடியாது. வேற?”

மலையடிவாரத்து ஓடைக்கரைதான் அந்தப் பெண்சாமியாரின் இருப்பு. வயசு நாற்பதைத் தாண்டாது. டெய்லருக்கோ அறுபது முடிந்துவிட்டது. ஒருதரம் அவளுக்குக் காவி ஜாக்கெட் தைத்துக் கொண்டுவந்து கொடுத்து, “அளவு சரியா இருக்கா சாமி?” என்று கேட்டார். “உடம்புக்குச் சரி” என்றாளாம். அவ்வளவுதான். மனுஷன் அன்றைக்கு அவள் காலில் விழுந்தவர் விழுந்தவர்தான்.

“விளையாடாதீங்க சாமி. எம் பொண்டாட்டி மாடத்தி கண்ணை மூடுனதுல இருந்து மெஸ்ஸுலதான் சாப்பாடு. வயிறெல்லாம் புண்ணு. ஓசூர்ல இருந்து பையன் போன் போட்டுட்டான். வார ஞாயித்துக்கிழமை வாரானாம். வீட்ல அடுப்பு எரியலைன்னா வீட்டைப் பூட்டி என்னையும் கூட்டிட்டுப் போயிருவானாம்.”

“போறது.”

“அவளும் நானும் இருந்த வீடு சாமி. பூட்ட விடமாட்டேன்.”

“கீழே அடுப்படி இருக்குல்லா?”

“இருக்கு.”

“அதுல என்ன குறை?”

டெய்லர் மலையைப் பார்த்தார்.

“வாசப்படி வரைக்கும் போறேன். அதுக்கு மேல கால் உள்ளே போகமாட்டேங்குது.”

சாமியம்மா ஒரு கீரைத்தண்டை ஒடித்துத் தள்ளினாள்.

“அதான் மொட்டை மாடியில கட்டிக்கலாம்னு இருக்கேன். அவளுக்கு மூட்டுவலி. வத்தல் காயப்போடக்கூட மாடிக்கு வந்ததில்லை. அங்கே அவ நினைப்பு ஒட்டியிருக்காது. பட்டும் படாம, சின்னதா, ஒத்தை ஆளுக்கு.”

“போட்டுக் காட்டும்.”

டெய்லர் சட்டைப்பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்தார். துணியில் கோடு போடுகிற அதே கட்டி. பாறைமேல் வரைய ஆரம்பித்தார். வரைந்தார், வரைந்தார், பாறை நிறைந்துவிட்டது.

“சின்னதுன்னு சொன்னீரு?”

“சின்னதுதான் சாமி.”

“இது என்ன?”

“அலமாரி. ஆறு தட்டு நிக்கும்.”

“எத்தனை பேரு?”

டெய்லரே கையால் துடைத்துவிட்டார்.

“இது?”

“ரெண்டாவது அடுப்பு. ஒண்ணுல சோறு, ஒண்ணுல குழம்பு.”

“ஏன், பஸ்ஸுக்கு நேரமாச்சோ?”

அதையும் துடைத்தார்.

“இது?”

“தகரக் கூரை. மழை வந்தா நனையுமே.”

“எது? நீரா, சோறா?”

“ரெண்டும்தான்.”

“சோத்துச்சட்டிக்கு மூடி இருக்கும். நீரு கீழே ஓடிரும்.”

கூரை போயிற்று.

“இது?”

“மிக்சி வைக்க.”

“ஒத்தை ஆளுக்கு எதுக்கு அந்தச் சத்தம்?”

“வீட்ல சத்தமே இல்லை சாமி.”

சாமியம்மா முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அப்போ அது இருக்கட்டும்.”

கடைசியில் பாறைமேல் மிஞ்சியது ஒரு அடுப்பு, ஒரு குழாய், ஒரு மிக்சி, அவற்றைத் தாங்க ஒரு மேடை.

“இன்னும் ஏதாவது கழிக்கணுமா சாமி?”

“கட்டிட்டுக் கூப்பிடும்.”

*

சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டார். வந்தாள்.

மாடியில் கொத்தனார் இசக்கி நின்றிருந்தான். மேடைக்கு இரண்டு பக்கமும் செங்கல்லை அடுக்கி, மேலே கடப்பாக் கல்லைச் சும்மா ஏற்றி வைத்திருந்தான். பூச்சு இன்னும் போடவில்லை. ஓரமாக மிச்சச் செங்கல் வெயிலில் கிடந்தது.

கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தது. ஒரு பொருள் கூடுதல் இல்லை. சுற்றிலும் வெறும் ஆகாயம்.

“எப்படி சாமி?”

“பசிக்குது. ஏதாவது பண்ணும்.”

டெய்லருக்கு ஒரே சந்தோஷம். வெங்காயத்தை உரித்துக் கல்மேல் வைத்து நறுக்க ஆரம்பித்தார். பாதி வெங்காயம் முடியுமுன் ஒரு கையை இடுப்பில் ஊன்றினார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். மறுபடி நிமிர்ந்தார்.

“என்ன டெய்லரே, வெங்காயத்தைக் கும்பிடுறீரா?”

இசக்கி சிரித்துவிட்டான்.

“நான் அப்பவே சொன்னேன் சாமி, குட்டையா இருக்குன்னு. கேக்க மாட்டேன்னுட்டாரு. ஊருக்கே அளவெடுக்கிற மனுஷன், டேப்பைக்கூட எடுக்கலை. கையாலயே காட்டி, இந்தா இதுவரைக்கும்னாரு.”

“சும்மா இருடே. எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார் டெய்லர். “பழகுனா சரியாயிரும்.”

“எங்கே, எனக்கும் காட்டும்” என்றாள் சாமியம்மா.

“எதை சாமி?”

“உயரத்தை. அவனுக்குக் காட்டுன மாதிரியே.”

டெய்லர் கத்தியை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் நின்றது.

அவர் உடம்பை ஒட்டி நிற்கவில்லை அந்தக் கை. ஒரு எட்டு தள்ளி, உள்ளங்கை கீழே பார்க்க, காற்றில் நின்றது. பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி, அந்த ஆளின் இடுப்பு இவ்வளவுதான் என்று சொல்கிற மாதிரி.

டெய்லர் தன் கையைத் தானே பார்த்தார்.

இசக்கியின் சிரிப்பு நின்றுவிட்டது.

“இது யார் உயரம் டெய்லரே?”

கையை மடக்கத் தெரியவில்லை அவருக்கு. மடக்கினால் எதன்மேலோ இடித்துவிடும் என்பதுபோல அப்படியே வைத்திருந்தார்.

“பாவாடை உயரம்” என்றார் கடைசியில். “மாடத்திக்குப் பாவாடை தைக்கிற உயரம் சாமி. இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும். அவளுக்கு மட்டும் டேப் வைக்கிறதே இல்லை.”

கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

இசக்கி மெல்லத் தொண்டையைக் கனைத்தான். “ரெண்டே வரி செங்கல் ஏத்தினாப் போதும் அண்ணாச்சி. கல்லைச் சும்மாதான் வச்சிருக்கேன். உங்க இடுப்புக்குச் சரியா வந்துரும். நாளைக்கு உங்க மகன் வரும்போது நிமிந்து நின்னு சமைக்கலாம்.”

“வேண்டாம்.”

“குனிஞ்சு குனிஞ்சு எத்தனை நாளைக்கு அண்ணாச்சி?”

“வேண்டாம்டே.” டெய்லர் கடப்பாக் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், யாரோ பிடுங்க வந்ததுபோல. “ஏத்தினா அவளுக்கு எட்டாதே.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

சாமியம்மா ஓரமாகப் போய், வெயிலில் கிடந்ததில் ஒரு செங்கல்லை எடுத்து வந்து நீட்டினாள்.

வெகுநேரம் கழித்து டெய்லர் கடப்பாக் கல்லிலிருந்து கையை எடுத்து அதை வாங்கினார். நல்ல சூடு. உள்ளங்கையைப் பொசுக்கியது.

கீழே போடவில்லை.