களவுபோன குளிர்ச்சி

வெயிலடிச்சான் கோட்டையை ஆண்ட கட்டாரி வேங்கடராயருக்கு ஒரு வியாதி. பக்கத்துச் சீமை ராஜா எதைச் செய்தாலும் தானும் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் சோறு இறங்காது. அந்த ராஜா குளிரில் நடுங்கும் மலையூரில் இருப்பவர். அரண்மனைக்குச் செப்புத் தகட்டில் கூரை போட்டார். உடனே நம்மவரும் போட்டார். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். இவர் தலைக்குமேலேயே போட்டுக்கொண்டார்.

கத்திரி வெயில் வந்தது. மேலே கூரை காய்ந்தது, கீழே ராஜா காய்ந்தார். எட்டுப் பேர் விசிறினார்கள். வந்ததெல்லாம் அனல்தான்.

அரண்மனை மணியக்காரர் திருமலைக்கொழுந்து கைகட்டிச் சொன்னார்: "சூரிய பகவானுக்கே மகாராஜாவைப் பார்க்க ஆசை. அதான் உள்ளேயே வந்துட்டார்."

அந்தப் பேச்சுக்கு ஒரு மோதிரம் கொடுத்தார் ராஜா. ராஜாவின் அறிவு அவ்வளவுதான்.

ஒருநாள் உச்சிவேளையில் ராஜா வேட்டை முடிந்து வரும்போது தாகம் தாங்காமல் குயவர் இருளப்பன் வீட்டுக்குள் நுழைந்தார். மண்சுவர், ஓலைக்கூரை, வெயிலுக்குச் சாத்திய சன்னல். ஆனால் உள்ளே அப்படியொரு குளிர்ச்சி! தண்ணீர் குடித்தார், சாய்ந்தார், தூங்கியே போனார். எழுந்ததும் முதல் பேச்சு இதுதான்:

"இந்த வீடு எனக்கு வேணும்."

இருளப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "மகராசா, மருமக புள்ள பெத்து ஒம்பது நாளுதான் ஆகுது. பச்ச உடம்பு. இந்த வெயில்ல எங்க கொண்டுபோவேன்?"

"நான் என்ன அநியாயக்காரனா? வீட்டுக்கு வீடு. கத்திரி முடியறவரைக்கும் நீ என் அரண்மனையில இரு."

மணியக்காரர் வாயைப் பொத்திச் சிரித்தார். "குடுத்து வச்சவன்யா நீ! பிள்ளையக் குளிப்பாட்ட வெந்நீர்கூடப் போட வேண்டாம்."

ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் பேராச்சி பின்னால்தான் நின்றாள். இருபது வருஷமாக அந்தச் சபையின் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு, அவளுக்கு யார்மேலும் மதிப்பு மிஞ்சியிருக்கவில்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். இருளப்பன் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, ஒன் பானையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போ. இந்த வீட்ட எப்படி வச்சிருந்தியோ, அந்த வீட்டையும் அப்படி வச்சுக்க. அங்க ராசா இருக்க மாட்டாரு, ஒன்னத் தடுக்க ஆளில்ல."

பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மணியக்காரரே, குயவர் வீட்டுல இருந்தாலும் ராசா ராசாதான். அரமன முறையில ஒண்ணு கொறஞ்சாலும் பக்கத்துச் சீமையில சிரிப்பாங்க."

"ஒண்ணும் குறையக் கூடாது!" என்று கத்தினார் ராஜா.

குறையவில்லை. ராஜா இருக்குமிடத்தில் பகலில் கதவு சாத்தக் கூடாது. சாத்தினால் ராஜா செத்தார் என்று அர்த்தம். ஆகவே கதவும் சன்னலும் விடிந்ததிலிருந்து திறந்தே கிடந்தன. அனல்காற்று தாராளமாக வந்துபோனது. பொழுது சாய்ந்து நல்ல காற்று கிளம்பும்போது, எதிரி வருவானென்று எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தினார்கள். ராஜா முன்னால் அணையாமல் எரிய வேண்டிய பன்னிரண்டு விளக்கும் எரிந்தன. சாணி மெழுகிய தரையில் கம்பளம் விரித்தார்கள். சபைக்காரர் நாற்பது பேர் நெருக்கியடித்து நின்று ராஜாவைப் புகழ்ந்தார்கள்.

மூன்றாம் நாள் ராஜா அவிந்த கிழங்காக வெளியே வந்தார்.

"இருந்த குளிர்ச்சி எங்கேய்யா?"

மணியக்காரர் தலையைச் சொறிந்தார். "மகாராஜா, குயவன் போகும்போது ஐம்பது பானை கொண்டுபோனான். எல்லாத்துக்கும் வாய் கட்டியிருந்தது. அதுக்குள்ள அடைச்சுத்தான் கொண்டுபோயிருக்கான்."

"களவாணிப் பயல்! கிளப்பு படையை!"

ராஜாவும் அந்த நாற்பது பேரும் அரண்மனைக்கு ஓடினார்கள். கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. செப்புக்கூரைமேல் இருளப்பனின் பானைகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. அவற்றின்மேல் தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளித்திருந்தது. உள்ளே நனைத்த வெட்டிவேர்த் தட்டி தொங்கியது. இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்த கூடத்தில் பிள்ளை அயர்ந்து தூங்கியது.

ராஜா துள்ளினார். "என் குளிர்ச்சி! கையும் களவுமாப் பிடிச்சேன்! கட்டுங்கடா இவனை!"

இருளப்பனைக் கட்டினார்கள். மருமகள் அழுதுகொண்டே ஓடிவந்து பிள்ளையை வாரியெடுத்தாள்.

"பொறுங்க மகராசா" என்றாள் பேராச்சி. "களவுப் பொருள ஒரு நாழிகை அனுபவிச்சுப் பாத்துட்டுத் தண்டிங்க. நம்ம பொருளுதானான்னு தெரிய வேணாமா?"

அது நியாயமாகப் பட்டது. ராஜா உட்கார்ந்தார். ராஜா உட்கார்ந்தால் சும்மாவா? மணியக்காரர் கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். வெளிச்சத்துக்குத் தடையென்று தட்டியைக் கழற்றினார். பன்னிரண்டு விளக்கும் வந்தன. நாற்பது பேரும் நெருக்கியடித்துப் புகழ ஆரம்பித்தார்கள்.

ஒரு நாழிகைகூட ஆகவில்லை. ராஜாவின் கழுத்தில் வேர்வை ஓடியது. பிள்ளை வீறிட்டது.

"மறுபடியும் காணோமே!" ராஜா எழுந்தார். "குயவனைக் கட்டிப்போட்டிருக்கு. பானையெல்லாம் கூரைமேலயே இருக்கு. இப்ப யார் எடுத்தது?"

மணியக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பேராச்சி. "ஆனா குயவர் வீட்ட அவருக்கே குடுத்துட்டேன்னு மொதல்ல சொல்லுங்க. அப்பத்தான் சொல்லுவேன்."

"குடுத்தேன்! அவனை அவிழ்த்துவிடுங்க! சொல்லு, திருடன் யாரு?"

பேராச்சி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி நிதானமாக மடித்தாள்.

"குளிர்ச்சிய யாரும் எடுத்துக்கிட்டுப் போகல மகராசா. போற எடத்துக்கெல்லாம் வெக்கயத்தான் நாம கூடவே கூட்டிக்கிட்டுப் போறோம். அந்த வீட்டுல அதுக்கு நாப்பது பேரு காவல். இந்த வீட்டுலயும் அதே நாப்பது பேரு."

ராஜா நாற்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மணியக்காரரும் சிரிக்கத் தொடங்கினார்.

"நீ ஏன்யா சிரிக்கிற?" என்றார் ராஜா. "முதல்ல நீ வெளிய போ. கொஞ்சம் காத்து வரட்டும்."