எப்ப எடுப்பாவ?

மும்பை விமான நிலையத்தின் மாடியில் ஒரு விமான நிறுவனம். அங்கிருந்து எந்த ஊருக்கு நேர் விமானம் விடலாம், எந்த ஊர்க்காரர்களை நடுவழியில் இறக்கி ஏற்றலாம் என்று முடிவு செய்கிறவள் வேலம்மாள். அந்தத் தொழிலை அவளிடம் கற்க வந்தவன் செல்வின். இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம்.

நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு விமானம் வந்திருந்தது. தேனிலவுக்காரர்கள் போகிற தீவு ஒன்றுக்கு அதை விடலாம் என்று செல்வின் எழுதிக் கொடுத்தான். மாலைக்குள் மேலிடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேலம்மாள் கையெழுத்துப் போடாமலே வைத்திருந்தாள்.

செல்வின் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தான்.

"இது அநியாயம் அக்கா. போகும்போது நிரம்புமா பாருன்னீங்க. நிரம்புது. திரும்பும்போது நிரம்புமா பாருன்னீங்க. அதுவும் நிரம்புது. பணம் தேறுமான்னீங்க. நல்லாவே தேறுது. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

"அதையே தூத்துக்குடிக்கு விட்டா?"

"அதுவும் நிரம்பும். ஆனா தூத்துக்குடிக்காரவுக இப்பவும் நம்ம விமானத்துலதான போறாவ? சென்னையில எறங்கி மாறிக்கிடுதாவ. அர நாள் உக்காரணும், அவ்வளவுதான். நாற்காலி போட்டிருக்கு, காபி கெடைக்கு. யாரு செத்தா போறாவ?"

வேலம்மாள் எழுந்தாள்.

"காபின்னதும் நாக்கு கேக்கு. வா, கீழ போயி குடிச்சிட்டு வருவோம்."

கீழே, விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் கூடம். துபாய் விமானம் அப்போதுதான் வந்திருந்தது. கால்சட்டையில் சிமெண்டு காய்ந்திருந்த ஒருவர், செல்வினுக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"எப்ப எடுப்பாவ?" என்றார்.

ஊர்ப் பேச்சைக் கேட்டதும் செல்வினுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னும் ஒரு மணி நேரத்துல எடுத்துருவோம் அண்ணாச்சி. ஒண்ணும் பதறாதீங்க."

அவர் காதில் செருகியிருந்த வயரை இழுத்தார்.

"விமானத்தக் கேக்கல தம்பி. போன்ல எந்தம்பிகிட்ட கேட்டேன். எங்க அப்பாவ எப்ப எடுப்பாவன்னு."

செல்வினின் சிரிப்பு போக இடமில்லாமல் அப்படியே நின்றது.

"பொழுது அடையதுக்குள்ள எடுக்கணும்ங்காவ. நான் தலப்பிள்ள. கொள்ளி நான்லா வைக்கணும்? நீங்களே சொல்லுங்க, தூத்துக்குடிக்கு எப்ப போய்ச் சேருவேன்?"

"சென்னையில மாறணும்... ராத்திரி ஆயிரும் அண்ணாச்சி."

"நேரா போறது?"

"இல்ல."

அவர் வயரைத் திரும்பக் காதில் செருகினார்.

"எடுத்துருங்கலே. எனக்காகக் காக்க வேண்டாம். கொள்ளி நீயே வச்சிரு."

பிறகு அங்கே போட்டிருந்த நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தார்.

செல்வின் வேலம்மாள் பக்கம் திரும்பினான். காது சிவந்திருந்தது.

"வேணும்னேதான கூட்டிட்டு வந்தீங்க?"

"அவரு வருவாருன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? நான் காபிக்குல்லா வந்தேன்."

"ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு ஒரு விமானத்தயே திருப்ப முடியுமா அக்கா? அழுகையப் பாத்தா தொழில் நடக்குமா? கணக்குன்னா கணக்குதான்."

"நானும் கணக்குதான்டே கேக்கேன். அந்த அர நாளுக்கு என்ன வெல போட்டிருக்க?"

"காத்துக் கெடக்கதுக்கு என்ன வெல போட? பூஜ்யந்தான். நமக்குத்தான் அதுல ஒரு செலவும் இல்லையே."

வேலம்மாள் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். 

"அந்தப் பூஜ்யத்த அவர்ட்ட போயி சொல்லிட்டு வா. தீவுக்கே கையெழுத்துப் போடுதேன்."